ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்

ஐம்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பல பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் தப்புக்குறி போடுவார். "கவனமாப் போடு" என்பார். வீட்டுக்கு இன்னும் 10 கழித்தல் கணக்குகள் கொடுத்தனுப்புவார். மறுநாள் அந்தப் பத்திலும் பாதி தப்பாக வரும். இப்படியே ஓர் ஆண்டு போனபின் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்: இவனுக்குக் கணக்கு வராது.

அந்த 45ஐக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். பத்துகளின் இடத்தில் ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்து 4 என்று எழுதியிருக்கிறான். ஒன்றுகளின் இடத்தில் மேலே 2, கீழே 7. இரண்டில் ஏழு போகாது. ஏழில் இரண்டு போகும். ஆகவே 5. இதே பிள்ளையிடம் 83 − 46 கொடுத்துப் பாருங்கள், 43 என்பான். 61 − 28க்கு 47 என்பான். 90 − 35க்கு 65. ஆனால் 78 − 25க்கு 53 என்று சரியாகவே எழுதுவான். அதைப் பார்த்த ஆசிரியர், "தெரியும், ஆனா கவனம் இல்லை" என்று முடிவு கட்டுகிறார். உண்மையில் அவன் மிகுந்த கவனத்தோடு ஒரே விதியை ஒவ்வொரு கணக்கிலும் பின்பற்றுகிறான்: எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழி. விதி தப்பு. அதை நிறைவேற்றிய விதத்தில் ஒரு பிசகும் இல்லை.

1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய தவறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பல சீரானவை, முன்கூட்டியே சொல்லக்கூடியவை என்று அவர்கள் காட்டினார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அவற்றில் மிகப் பரவலான ஒன்று. சுழியத்திலிருந்து எதைக் கழித்தாலும் சுழியமே என்று எண்ணும் பிள்ளை உண்டு. நடுவில் சுழியம் வந்தால் அதைத் தாண்டிப் போய் நூறுகளில் கடன் வாங்கும் பிள்ளை உண்டு. கணினி நிரலில் ஒளிந்திருக்கும் பிழைக்கு நிரலாளர்கள் வைத்திருந்த 'பக்' என்ற பெயரையே இவற்றுக்கும் அவர்கள் வைத்தார்கள். நிரல், தனக்குள் எழுதப்பட்ட தவறான கட்டளையைச் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் செய்துகாட்டும். பிள்ளையும் அப்படித்தான்.

அந்த ஆய்வில் ஆசிரியர் பயிற்சிக்கென்றே ஒரு விளையாட்டும் இருந்தது. கணினி ஒரு மாணவனாக நடிக்கும். அதனுள் ஏதோ ஒரு தவறான விதி இருக்கும். பயிற்சி ஆசிரியர் கணக்குகளைக் கொடுத்து, வரும் விடைகளை வைத்து, அந்த விதி என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கணக்கைக் கொடுத்தால் ரகசியம் வெளிப்படும் என்று யோசிப்பதுதான் பயிற்சி. நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இதற்குக் கணினிகூட வேண்டாம். ஒருவர் மாணவனாக நடிக்க, மற்றவர் கேள்வி கேட்க, அரைமணி நேரம் போதும். பாடத்திட்டத் தயாரிப்புக்கும் கற்பித்தல் உபகரணக் கண்காட்சிக்கும் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குத் தந்தால் பிள்ளைகளுக்குப் பெரும் நன்மை.

தவறு இப்படிச் சீரானது என்றால், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய 10 கணக்குகள் என்ன செய்கின்றன? தப்பான விதியை 10 முறை பயிற்சி செய்ய வைக்கின்றன. மறுபடியும் பயிற்சி, மறுபடியும் பயிற்சி என்ற அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லாதது இங்கேதான். புரிந்ததை உறுதிப்படுத்தப் பயிற்சி வேண்டும். புரியாததைப் பயிற்சி புரியவைக்காது.

சரி, அந்த விதி பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாமே கொடுத்ததுதான். முதல் வகுப்பில், "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று சொல்லித் தருகிறோம். பிள்ளை அதை அப்படியே ஏற்கிறது. இரண்டாம் வகுப்பில், "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்கிறோம். 5ஐ அடித்து 4 ஆக்கு, 2க்கு முன்னால் ஒரு 1 போடு என்று கைவேலையாகக் கற்றுத்தருகிறோம். 52இல் இருக்கும் 5 என்பது ஐந்து அல்ல, ஐம்பது என்பது மனதில் பதியாத பிள்ளைக்கு இந்த அடித்தல் திருத்தல் எல்லாம் வெறும் சடங்கு. சடங்கில் ஒரு படி மறந்தால், தெரிந்த பழைய விதியைப் போட்டு இடைவெளியை அடைத்துக்கொள்கிறது.

கணக்கில் பின்தங்கும் பிள்ளைகளில் மிகப் பலர் தடுக்கி விழும் இடம் இந்த இடமதிப்புதான். 'நூற்றைந்து' என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறார்களா என்று பாருங்கள். காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருக்கிறார்கள்: நூறு, பிறகு ஐந்து. 'தொண்ணூறு' என்ற ஒலிக்குள் நூறு கேட்பதும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்பதும் குழப்பத்தைக் கூட்டும். இந்தப் பிள்ளையிடம் போய் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்வதில் பயன் இல்லை. இரண்டு வகுப்பு பின்னால் போக வேண்டும்.

பின்னால் போவது எப்படி? தீக்குச்சியோ ஈர்க்குச்சியோ போதும். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுகளைப் பிள்ளையே கட்ட வேண்டும் என்பது முக்கியம். ஆசிரியர் கட்டிக் கொண்டுவந்த கட்டு பிள்ளைக்கு ஒரு பொருள். தானே எண்ணிக் கட்டிய கட்டு பத்துக் குச்சிகள். இப்போது 5 கட்டுகளும் 2 குச்சிகளும் பிள்ளையின் கையில். "எனக்கு 17 கொடு" என்று கேளுங்கள். ஒரு கட்டைக் கொடுக்கும். ஏழு உதிரி வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு கட்டை அவிழ்ப்பார்கள். அந்த அவிழ்ப்புதான் நாம் 'கடன் வாங்குதல்' என்று சொல்லித்தந்த முழு வித்தை. அதைச் செய்த அதே நொடியில், பக்கத்தில் நோட்டை வைத்து, "இப்போ நீ செய்ததை எழுதலாமா?" என்று 5ஐ 4 ஆக்கி, 2ஐ 12 ஆக்கி எழுத வேண்டும்.

கையால் செய்வது, படமாக வரைவது, குறியீடாக எழுதுவது என்ற இந்த வரிசை, அறிவு வளரும் விதம் பற்றி 1960களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் எழுதியதிலிருந்து வந்தது. சிங்கப்பூர் 1980களில் தன் கணிதப் பாடத்தை இந்த வரிசையின்மீது அமைத்தது. நம் பள்ளிகளிலும் குச்சிகள், மணிச்சட்டம், பூக்கள், விளையாட்டு நோட்டுகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் பல வகுப்புகளில் இரண்டு இடங்களில் அது முறிகிறது. குச்சிகள் ஆசிரியரின் மேசையிலேயே இருந்து, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது ஒன்று. குச்சி வேலை ஒரு நாள், எழுத்துக் கணக்கு மறுநாள் என்று பிரிந்து, இரண்டும் ஒன்றே என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போவது மற்றொன்று.

52 − 17ஐச் செய்ய இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு கோடு போட்டு 17இல் தொடங்குங்கள். 17இலிருந்து 20க்கு 3. 20இலிருந்து 50க்கு 30. 50இலிருந்து 52க்கு 2. மொத்தம் 35. கடனே இல்லை. மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போது மனதுக்குள் செய்வது இதுதான். சந்தையில் வளரும் பிள்ளைக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். வகுப்பறை அதைக் கேட்பதே இல்லை.

1985இல் டெரசின்யா நூனஸ் கராயர், டேவிட் கராயர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்கும் சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதிய ஆய்வு கணிதக் கல்வி உலகையே உலுக்கியது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகப் போய் தேங்காயும் எலுமிச்சையும் விலை பேசினார்கள். அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே எண்களை வைத்து வாழ்க்கைக் கணக்காகக் கேட்டபோது 74 சதவீதம். வெறும் கூட்டல், பெருக்கலாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ஒரு தேங்காய் 35 குருசைரோ (அப்போதைய பிரேசில் பணம்) என்றால் நான்கு தேங்காய் எவ்வளவு என்று தெருவில் கேட்டதற்கு, மூன்றின் விலை 105, அதோடு ஒன்று என்று கூட்டி 140 என்று சொன்ன பிள்ளை, தாளில் 35 × 4க்கு 200 என்று எழுதியது. நான்கைந்து இருபது; சுழியத்தை எழுதி 2 மிச்சம்; அந்த இரண்டை மூன்றோடு முதலில் கூட்டி ஐந்து; ஐந்நான்கு இருபது. இதுவும் ஒரு சீரான தவறே. தெருவில் விலை தெரிந்த பிள்ளை, நான்கு தேங்காய்க்கு 200 கேட்டு நின்றிருக்காது. தாளில் எழுதும்போது அந்த விலையுணர்வு விலகிவிடுகிறது.

இந்தக் கதைக்கு அண்மையில் நம் நாட்டிலேயே தொடர்ச்சி வந்தது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை ஆராய்ந்து 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விலைக் கணக்குகளை மனதிலேயே போட்டார்கள். பள்ளி முறையில் எழுதித் தந்த எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் இதற்கு நேர்மாறு: எழுத்துக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. ஒருபக்கத்து அறிவு மறுபக்கத்துக்குத் தானாகக் கடந்து போவதில்லை. இரண்டையும் இணைத்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை. பின்தங்கிய பிள்ளையோடு வேலை தொடங்கும் ஆசிரியர், "உனக்கு என்ன தெரியாது" என்பதைத் தேடுவதற்கு முன்னால், "உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்" என்று தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணைப் பற்றிய ஏதோ ஓர் உணர்வு எல்லாருக்கும் பிறப்பிலேயே இருக்கிறது. 1992இல் கேரன் வின் என்ற உளவியலாளர் ஐந்து மாதக் குழந்தைகளுக்குப் பொம்மைகளைக் காட்டினார். ஒரு பொம்மை, அதன் முன்னால் திரை எழும்பும், குழந்தை பார்க்கவே இன்னொரு பொம்மை திரைக்குப் பின் போகும். திரை விழும்போது இரண்டு இருந்தால் குழந்தை சாதாரணமாகப் பார்த்தது. ஒன்றே இருந்தால் நீண்ட நேரம் வெறித்துப் பார்த்தது. மூன்று நான்கு பொருள்கள் வரை எண்ணாமலே பார்த்தவுடன் இத்தனை என்று சொல்லிவிடும் திறனும் நமக்கு உண்டு. அதற்கு மேல் எண்ண வேண்டும், அல்லது உத்தேசமாகச் சொல்ல வேண்டும். இந்த எண்ணுணர்வோடு நெருங்கிய தொடர்புடையது மூளையின் மேல்பின் பகுதியான பரைட்டல் மடலில் உள்ள ஒரு மடிப்பு. அந்தப் பகுதியில் காயம்பட்ட பெரியவர்கள், பேச்சும் நினைவும் நன்றாக இருந்தும், எளிய கணக்குகளைப் போட முடியாமல் தவிப்பதை மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கு மேலாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்த எண்ணுணர்வு வளர்வதிலேயே சிக்கல் இருக்கிறது. இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். 1974இல் லாடிஸ்லாவ் கோஷ் என்ற ஸ்லோவாக்கிய உளவியலாளர் இதைத் தெளிவாக வரையறுத்தார். லண்டனின் பிரையன் பட்டர்வொர்த் இதற்காகவே நெடுங்காலம் உழைத்தவர். பெரும்பாலான மதிப்பீடுகள் 100 பேரில் 3 முதல் 7 பேருக்கு இது இருக்கலாம் என்கின்றன. 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ, இருவரோ, மூவரோ. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை; நன்றாகப் படிக்கும், அழகாகக் கட்டுரை எழுதும் பிள்ளைக்கும் இருக்கலாம். அறிகுறிகள் கவனித்தால் தெரியும். பத்து வயதிலும் நான்கு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணும். 8 பெரிதா 6 பெரிதா என்பதற்கே யோசிக்கும். நேற்று முழுதாகச் சொன்ன வாய்ப்பாடு இன்று சுத்தமாக மறந்துபோகும். கடிகாரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது, 'பத்து நிமிடம்' என்றால் எவ்வளவு நேரம் என்று உணர்வது எல்லாமே சிரமம்.

இந்தியச் சட்டம் இதை அறிந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளின் பட்டியலில் டிஸ்கால்குலியாவையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் பெற்றால் தேர்வுச் சலுகைகளுக்கு வழி உண்டு. இது தெரியாமலே பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆசிரியர் மருத்துவர் அல்லர். முத்திரை குத்துவது அவர் வேலையும் அல்ல. ஆனால் சந்தேகம் வந்தால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லலாம், பெற்றோரிடம் பேசலாம். அதே சமயம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கணக்கில் பின்தங்கியவர்களில் பெரும்பான்மையோருக்கு இந்தக் குறைபாடு கிடையாது. காய்ச்சலில் ஒரு மாதம் வராதவர், அறுவடைக் காலத்தில் ஊர் மாறிப் போனவர், கொரோனாவில் இரண்டு ஆண்டை இழந்தவர், வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவர் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரு தரப்பினருக்கும் உதவி தொடங்கும் இடம் ஒன்றே: எண்ணைக் கையால் தொட வைப்பது, அவசரப்படாமல் படிப்படியாகப் போவது.

கை என்றதும் விரல் நினைவுக்கு வருகிறது. "இன்னும் விரல் விட்டு எண்ணுறியா?" என்று பிள்ளைகளை வெட்கப்படுத்துவதை நாம் நிறுத்த வேண்டும். மேசைக்கு அடியில் ஒளித்து எண்ணுவார்கள், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது, விரலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத்தான். 8 + 5க்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணி, மறுபடி ஐந்து விரல் விடும் பிள்ளை ஒரு படியில் இருக்கிறது. எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து என்று தொடரும் பிள்ளை அடுத்த படியில். எட்டுக்கு இரண்டு சேர்த்தால் பத்து, மீதி மூன்று, ஆகவே பதின்மூன்று என்னும் பிள்ளை அதற்கும் மேலே. முதல் படியிலிருப்பவரை இரண்டாம் படிக்குக் கொண்டுபோனால் விரல் தானாக உதிரும்.

அந்த ஏற்றத்துக்கு விளையாட்டு உதவும். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண்கள் எழுதிய பலகையில் விளையாட வைத்தார்கள். இரண்டு வாரங்களில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர விளையாட்டு. எது பெரிய எண், எந்த எண் கோட்டில் எங்கே இருக்கும் என்ற உணர்வில் தெளிவான முன்னேற்றம் வந்தது. ஒன்பது வாரங்களுக்குப் பிறகும் நிலைத்தது. அதே பலகையில் எண்களுக்குப் பதிலாக நிறங்கள் இருந்தபோது அந்தப் பலன் இல்லை. கட்டங்களை வட்டமாக அமைத்தபோதும் பலன் குறைந்தது. ஒரு நுட்பமும் அதில் இருந்தது: 4இல் நிற்கும் காய் இரண்டு நகர்ந்தால் பிள்ளை 'ஒன்று, இரண்டு' என்று சொல்லக் கூடாது, 'ஐந்து, ஆறு' என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பரமபதம் இருக்கிறது, தாயம் இருக்கிறது, பல்லாங்குழி இருக்கிறது. பரமபதத்தில் காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணை உரக்கச் சொல்ல வைத்தாலே அது கணித வகுப்பாகிவிடும். முதல் வகுப்புக்கு, தரையில் சாக்பீஸால் 10 கட்டங்களை நேர்கோட்டில் வரைந்தால் போதும்.

வாய்ப்பாட்டுக்கு வருவோம். மனப்பாடமே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீண்ட வகுத்தல் செய்யும்போது ஏழெட்டு எத்தனை என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருந்தால், கணக்கின் மற்றப் படிகளை நினைவில் வைத்திருக்க மனதில் இடம் இருக்காது. நடப்பு நினைவு என்று உளவியலாளர்கள் சொல்லும் அந்தத் தற்காலிக இடம் எல்லாருக்குமே சிறியது. கணக்கில் சிரமப்படும் பிள்ளைகள் பலருக்கு இன்னும் சிறியது. ஆகவே வாய்ப்பாடு வேண்டும். எந்த வழியில் வர வேண்டும் என்பதே கேள்வி. ஏழிரண்டு பதினான்கு தெரிந்தால் ஏழ்நான்கு அதன் இரட்டிப்பு, ஏழெட்டு அதற்கும் இரட்டிப்பு. ஒன்பது ஏழு தெரியாவிட்டால் பத்து ஏழில் ஓர் ஏழைக் குறை. இப்படி உறவுகளாகக் கற்றவர் மறந்தாலும் மீட்டெடுத்துக்கொள்வார். வெறும் பாட்டாகக் கற்றவர், நடுவில் தடைபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம், லின் ஃபுக்ஸ் தலைமையிலான குழுவைக் கொண்டு, தொடக்க வகுப்புகளில் கணக்கில் சிரமப்படுவோருக்காக 2021இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படிப்படியான நேரடிக் கற்பித்தல், கணித மொழி, பொருள்களும் படங்களும், எண்கோடு, வாழ்க்கைக் கணக்குகள் என்பவற்றோடு, நேரம் குறித்த சிறு பயிற்சிகளையும் அது பரிந்துரைக்கிறது. அந்தக் கடைசிப் பரிந்துரை எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டும். புரிந்த கணக்குகளில், பிள்ளை தன் நேற்றைய வேகத்தோடு தானே போட்டியிடுவது நல்லது. 40 பேர் முன்னால் கரும்பலகையில் நிறுத்தி வைத்து வேகத்தைக் கேட்பது வேறு.

ஏனென்றால் பயம் கணக்கைத் தின்றுவிடும். மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதன் வழிமுறையைக் காட்டியது. கணக்கைக் கண்டு பதறுபவர்களின் நடப்பு நினைவின் ஒரு பகுதியைப் பதற்றமே பிடித்துக்கொள்கிறது. கணக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம். கரும்பலகை முன்னால் நடுங்கும் பிள்ளைக்கு, தன் இடத்தில் உட்கார்ந்தால் தெரிவதும் அங்கே தெரியாது. 2010இல் சியன் பைலாக் குழுவினர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். கணக்குக்குப் பயப்படும் ஆசிரியைகளின் வகுப்பில், ஆண்டு முடிவில், சிறுமிகளில் ஒரு பகுதியினர் 'கணக்கு பையன்களுக்கு வரும்' என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் மதிப்பெண்ணே குறைந்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. "எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்று ஆறுதலாகப் பிள்ளையிடம் சொல்லும் அம்மாக்களும் அக்காக்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாழ்க்கைக் கணக்குகளில் தடுமாற்றம் வேறு மாதிரி. 1970களின் இறுதியில் பிரான்சின் கிரனோபிள் நகரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு விடை கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கு என்றால், கொடுத்த எண்களை ஏதாவது செய்து விடை எழுதுவது என்று பள்ளி அவர்களைப் பழக்கியிருந்தது. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று நாம் சொல்லித்தரும் குறுக்குவழி இதே பழக்கத்தைத்தான் வளர்க்கிறது. 'தோழிக்கு 5 பூக்கள் கொடுத்தபின் மீனாவிடம் மீதி 12 பூக்கள் இருந்தன. முதலில் எத்தனை இருந்தன?' என்ற கணக்கில் 'மீதி' இருக்கிறது. செய்ய வேண்டியதோ கூட்டல்.

1977இல் ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் இதற்கு ஒரு சோதனை வகுத்தார். விடை தவறிய பிள்ளையிடம் வரிசையாகக் கேட்க வேண்டியவை அதில் உள்ளன. கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள் என்று உன் சொல்லில் சொல். என்ன செய்தால் விடை வரும்? செய்து காட்டு. இப்போது விடையை எழுது. பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறதோ அங்கேதான் உதவி வேண்டும். வாசிப்பிலேயே நிற்கும் பிள்ளைக்குத் தேவை தமிழ் வகுப்பு. நாமோ அந்தப் பிள்ளையைக் கணக்கில் வீக் என்று எழுதி வைத்திருப்போம்.

இவ்வளவையும் 5 வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் எப்படிச் செய்வது என்ற கேள்வி நியாயமானது. எமிஸ் என்ற கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம், பதிவேடுகள், கூட்டங்கள் என்று ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இதற்கு இந்தியாவில் கிடைத்த நம்பத்தகுந்த விடை, பிள்ளைகளை வயதுக்கும் வகுப்புக்கும் பதிலாக அவர்கள் இருக்கும் நிலைக்கு ஏற்பக் குழுவாக்குவது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப் போய், அந்தந்தப் பகுதி இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைகளைக் கற்பித்தது. பானர்ஜியும் டுஃப்லோவும் சகாக்களோடு செய்த ஆய்வு 2007இல் வெளியானது. மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்திருந்தன, மிகவும் பின்தங்கியவர்களே மிகவும் பயனடைந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இந்த எண்ணத்தின்மீதே எழுந்தவை.

நிலைக் குழு நல்லது, ஒரு நிபந்தனையோடு. அது சில வாரங்களுக்கு ஒருமுறை கலைந்து மறுபடி அமைய வேண்டும். ஆண்டு முழுதும் அரும்பிலேயே இருக்கும் பிள்ளை தன்னைப் பற்றி எந்த முடிவுக்கு வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதோடு, பின்னால் போய்க் கற்பிக்கும் ஆசிரியரிடம், "ஏன் இன்னும் பாடம் முடியவில்லை?" என்று மேலதிகாரி கேட்காத நிலையும் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இடமதிப்பு கற்பிக்கும் ஆசிரியர், பாடத்திட்டத்தை மீறியவராகப் பார்க்கப்படும்வரை எந்தத் திட்டமும் தாளில்தான் நிற்கும்.

சரியான விடைக்குப் பின்னாலும் தவறான எண்ணம் ஒளிந்திருக்கலாம். அமெரிக்காவில் ஃபாக்னர், லீவை, கார்ப்பென்டர் ஆகியோர் 1999இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது: எட்டும் நான்கும் கூட்டினால் வருவது, ஒரு காலிக் கட்டமும் ஐந்தும் கூட்டினால் வருவதற்குச் சமம், கட்டத்தில் என்ன எண் வரும்? ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரில் ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. எல்லாரும் 12 அல்லது 17 என்றார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்றே அவர்கள் ஆறு ஆண்டுகளாக நம்பியிருந்தார்கள். 8 + 4 = 12 என்று ஒவ்வொரு முறையும் சரியாக எழுதியதால் யாருக்கும் அது தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள்தான் பிறகு இயற்கணிதத்தில் தடுக்கி விழுவார்கள்.

ஆகவே ஆசிரியர்களிடமும், வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரு நோட்டைத் திருத்தும்போது, ஒரே ஒரு கணக்கிலாவது குறி போடுவதற்கு முன், "இதை எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். தப்பாக இருந்தாலும் கேளுங்கள், சரியாக இருந்தாலும் கேளுங்கள். தப்பானபோது மட்டும் கேட்டால், கேள்வியே தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். கேட்டபின் பதில் வரும்வரை பேசாமல் காத்திருங்கள். சொல்லி முடிக்கப் பிள்ளைக்கு நேரம் ஆகும்.